ஊன்றிய ரம்புட்டான் மரம் பூத்தும் காய்க்காதது ஏன்? 3 சென்ட் இடத்தில் அபூர்வ பழமரம் வளர்ப்போர் தெரிந்து கொள்ள வேண்டிய ரகசியம்

தென்காசி,

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் போதும். அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் பலர் ஒரு பை ரம்புட்டானோ, நாலு மங்குஸ்தானோ வாங்காமல் பஸ் ஏறுவது இல்லை. அங்கே ஒரு அருவிக்கு பெயரே பழத்தோட்ட அருவிதான். அரசு தோட்டக்கலை துறையின் பழத்தோட்டத்துக்குள் விழுவதால் அந்த பெயர் வந்தது.

வாங்கிய பழத்தை வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு, மிச்சம் கிடக்கும் கொட்டையை கொல்லைப்புறத்தில் ஊன்றி வைப்பவர்களும் ஏராளம். கொட்டை முளைக்கும். கன்று தளதளவென்று வளரும். ஆறேழு வருஷம் குடம் குடமாக தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு நாள் மரம் முழுக்க பூ பூக்கும். வீடே சந்தோஷப்படும். ஆனால் ஒரு காய் கூட நிற்காது. பூ அத்தனையும் கொட்டிப் போகும்.

மண்ணு சரியில்லை, உரம் பத்தவில்லை, கண்ணு பட்டுவிட்டது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. பல வீடுகளில் நிற்பது ஆண் மரம்!

ஆண் மரம், பெண் மரம்

பனை மரத்தில் ஆண் பனை, பெண் பனை உண்டு. ஆண் பனை நுங்கு காய்க்காது என்பது கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரம்புட்டானிலும் ஏறக்குறைய அதே கதைதான். கொட்டையில் இருந்து முளைக்கும் ரம்புட்டான் மரங்களில் கிட்டத்தட்ட பாதி ஆண் மரமாகவே போய்விடும். அதில் மகரந்தம் மட்டும்தான் இருக்கும். எத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றினாலும் காய்க்காது.

மீதி பாதி காய்க்கும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் தின்ற பழத்தின் ருசி அப்படியே வரும் என்று நிச்சயம் கிடையாது. தாய் மரம் தேனாக இனித்தால், பிள்ளை மரம் புளிக்கலாம். சதை கொட்டையை விட்டு பிரியாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளாமை செய்கிறவர்கள் கொட்டை போட்டு ரம்புட்டான் வளர்க்காததற்கு இதுதான் காரணம்.

அவர்கள் நடுவது ஒட்டுக்கன்று. நன்றாக காய்த்துக் கொண்டிருக்கும் மரத்தில் இருந்து ஒரு மொட்டை பட்டையோடு எடுத்து, வேறு ஒரு கன்றின் தண்டில் பொருத்தி கட்டுவார்கள். அந்த மொட்டு துளிர்த்து வளரும்போது, மேலே இருப்பது முழுக்க தாய் மரத்தின் மறுபிறவி. தாய் காய்த்தால் இதுவும் காய்க்கும். தாய் இனித்தால் இதுவும் இனிக்கும். அதோடு மூணு, நாலு வருஷத்திலேயே பலனுக்கு வந்துவிடும்.

தாயை தண்ணீர் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். மரத்துக்கு அந்த பழமொழி அப்படியே பொருந்தும். ஆனால் ஒட்டுக்கன்றுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மங்குஸ்தான் மட்டும் விதிவிலக்கு

ரம்புட்டானுக்கு பக்கத்து கூடையில் இருக்கும் மங்குஸ்தானின் கதை நேர் எதிரானது. அதன் கொட்டை மகரந்தம் சேராமலேயே உருவாகிறது. அதனால் கொட்டை போட்டு முளைத்தாலும் கன்று அப்படியே தாய் மாதிரிதான் இருக்கும். ஆண் மரம் வந்துவிடுமோ என்ற பயமே தேவையில்லை.

ஆனால் மங்குஸ்தானுக்கு பொறுமை வேண்டும். கொட்டையில் இருந்து வளர்ந்தால் காய்ப்புக்கு வர 7 முதல் 10 வருஷம், சில இடத்தில் அதற்கு மேலும் ஆகும். முதல் ரெண்டு, மூணு வருஷம் வெயில் நேரடியாக பட்டால் இலை கருகிவிடும். தென்னங்கீற்று வைத்து நிழல் கட்டிக் கொடுக்க வேண்டும். இன்று பிறந்த பேரனுக்காக தாத்தா நடுகிற மரம் அது.

மங்குஸ்தான் வாங்குகிறவர்களுக்கு ஒரு உபரி தகவல். பழத்தின் அடிப்பக்கம் சின்ன பூ மாதிரி இதழ்கள் ஒட்டியிருக்கும். அதில் எத்தனை இதழ் இருக்கிறதோ, உள்ளே அத்தனை சுளை இருக்கும். உரிக்காமலேயே எண்ணிவிடலாம். தோல் கல் மாதிரி இறுகிப் போயிருந்தால் அது பழைய பழம். அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும்.

குற்றாலத்தில் காய்க்கும், கோவில்பட்டியில் காய்க்காது

சரி, ஒட்டுக்கன்றே வாங்கிவிட்டோம். அதை கொண்டுபோய் கோவில்பட்டியிலோ, சாத்தூரிலோ நட்டால் என்ன ஆகும்? அங்கேதான் ரெண்டாவது ஏமாற்றம் காத்திருக்கிறது.

குற்றாலத்துக்கும் கோவில்பட்டிக்கும் பஸ்சில் ஒரு ரெண்டு, ரெண்டரை மணி நேர தூரம்தான். ஆனால் மரத்தின் கணக்கில் அது வேறு நாடு. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கேரளாவில் பெய்யும் தென்மேற்கு பருவமழையின் சாரல், மலை இடைவெளி வழியாக செங்கோட்டை, குற்றாலம் பக்கம் வந்து விழுகிறது. காற்றிலேயே ஈரம் இருக்கும். அதே மாதங்களில் கரிசல் காட்டில் அனல் காற்று புழுதியை வாரி இறைக்கும்.

ரம்புட்டானின் சொந்த ஊர் மலேசியா, இந்தோனேசியா பக்கம். மலாய் மொழியில் ரம்புட் என்றால் முடி. தோலில் முடி மாதிரி இருப்பதால் அந்த பெயர். வருஷம் முழுக்க காற்றில் ஈரம் இருக்கும் இடத்தில் பிறந்த மரம் அது. வறண்ட காற்று பட்டால் முதலில் இலை ஓரம் காயும், பிறகு துளிர் கருகும், பூ உதிரும். வேரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காற்றில் ஈரத்தை ஊற்ற முடியாதே! போதாக்குறைக்கு கரிசல் மண் மழையில் தண்ணீரை பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்.

இதனால்தான் தமிழ்நாட்டில் ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் மூன்றும் மேற்கு தொடர்ச்சி மலையை ஒட்டியே நிற்கின்றன. குற்றாலம், கன்னியாகுமரி மாவட்ட மலையடிவாரம், மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் வழியில் உள்ள கல்லாறு, பர்லியாறு என்று அந்த வரிசை போகும். பர்லியாறு பழப்பண்ணை 1871-லும், கல்லாறு பண்ணை 1900-லும் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கப்பட்டவை. வெளிநாட்டு பழமரங்களை எங்கே வைத்தால் பிழைக்கும் என்று அந்த காலத்திலேயே இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்க ஊரில் பக்கத்து தெருவில் ஒரு ரம்புட்டான் மரமாவது காய்த்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தைரியமாக வாங்கலாம். ஒன்று கூட இல்லை என்றால், முதல் ஆளாக காசை போடுவதற்கு முன்பு யோசிக்க வேண்டும்.

பாதாம், பிஸ்தா ஆசை

பழம் மட்டுமா? பாதாம், பிஸ்தா, அக்ரூட் கன்று என்று சொல்லியும் விற்பனை நடக்கிறது. கடையில் கிலோ விலையை கேட்டால் தலை சுற்றும் பருப்பு, நம்ம வீட்டிலேயே காய்த்தால் என்ன என்ற ஆசை யாருக்கும் வரும்.

ஆனால் இந்த மூன்றுக்கும் குளிர் வேண்டும். சாதாரண மார்கழி குளிர் போதாது. குளிர்காலத்தில் இலை எல்லாம் உதிர்ந்து, 7 டிகிரிக்கு கீழே பல நூறு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் அந்த மரங்கள் பூக்கும். காஷ்மீரில் அது நடக்கும். நெல்லையிலும், மதுரையிலும் நடக்காது. பிஸ்தாவில் ஆண் மரம், பெண் மரம் வேறு வேறு. ஒற்றை கன்று வைத்தால் குளிர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் நம்ம ஊரில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பாதாம் மரம்? அது நாட்டு பாதாம். கடையில் விற்கும் பாதாமுக்கும் அதற்கும் உறவே கிடையாது. ரெண்டும் வேறு வேறு குடும்பம். பழுத்து விழும் காயை கல்லில் வைத்து உடைத்தால் உள்ளே சின்னதாக ஒரு பருப்பு இருக்கும். அதை தாராளமாக சாப்பிடலாம், ருசியும் உண்டு. ஆனால் மரம் குடை விரித்த மாதிரி பரவும். சின்ன இடத்துக்கு அது சரிப்படாது.

நம்ம வெயிலுக்கு ஏற்ற பருப்பு மரம் என்றால் முந்திரிதான். அதுவும் வெளிநாட்டு சரக்குதான். போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தது, இன்று பண்ருட்டியின் அடையாளமாகிவிட்டது. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ.-3 போன்ற ரகங்கள் ஒட்டுக்கன்றாக கிடைக்கின்றன. மணல் பாங்கான, தண்ணீர் தேங்காத மண்ணில் மூணாவது வருஷமே காய்ப்புக்கு வரும். ஆனால் மரம் 20 அடிக்கு மேல் பரவும் என்பதால் குறைந்தது அஞ்சு, ஆறு சென்ட் காலி இடம் இருப்பவர்களே யோசிக்க வேண்டும். பச்சை முந்திரிக்கொட்டையை பல்லால் கடிக்கவே கூடாது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் வாயை வெந்துபோக வைத்துவிடும்.

3 சென்டில் எவ்வளவு நடலாம்?

ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. 3 சென்ட் மனை என்றால் சுமார் 1,300 சதுர அடி. அதில் வீடு, கழிவறை, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக 400 முதல் 500 சதுர அடி மிஞ்சினால் பெரிய விஷயம். 12 அடி அகலத்தில் கிளை பரப்பும் ஒரு மரம் மட்டும் 110 சதுர அடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

ஆக, கணக்கு இதுதான். 3 சென்டுக்கு ஒரு மரம், ஒரு கொடி, ஒரு தூண். அதற்கு மேல் நெருக்கி நட்டால் எல்லாம் உயரமாக வளர்ந்து வெளிச்சத்துக்கு சண்டை போடும், ஒன்றும் காய்க்காது.

அந்த ஒரு மரம் எது என்பது ஊரைப் பொறுத்தது. மலையடிவாரம் என்றால் ரம்புட்டான் ஒட்டுக்கன்று வைக்கலாம். ஒவ்வொரு அறுவடைக்கு பிறகும் கிளையை வெட்டிவிட்டு ஆள் எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ள முடியும். கொடைக்கானல் கீழ்மலை, தாண்டிக்குடி, நீலகிரி, ஏற்காடு பக்கம் என்றால் வெண்ணெய்ப்பழம் எனப்படும் பட்டர் புரூட் நன்றாக வரும். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.டி.-1 ரகம் அந்த பகுதிக்கு என்றே வந்தது. பட்டர் புரூட்டுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் அத்தோடு கதை முடிந்தது. மேட்டில் நட வேண்டும்.

வறண்ட ஊர்க்காரர்கள் மனம் தளர வேண்டாம். சீமை அத்தி, மாதுளை, பார்படாஸ் செர்ரி போன்றவை வெயிலை தாங்கும். செர்ரியை பெரிய டிரம்மில் வைத்து மொட்டை மாடியில் கூட வளர்க்கலாம். வைட்டமின் சி அதில் கொட்டிக் கிடக்கிறது.

தூண் என்றது டிராகன் பழத்துக்காக. அது மரமே கிடையாது, கள்ளிச்செடி. குஜராத் அரசு 2021-ல் இதற்கு கமலம் என்று பெயர் வைத்தது. ஆறேழு அடி சிமெண்ட் கம்பம், உச்சியில் ஒரு பழைய டயர், அடியில் நாலு செடி, அவ்வளவுதான். தண்ணீர் கொஞ்சம் போதும். ரெண்டாவது வருஷமே காய்க்க ஆரம்பிக்கும். பூ ராத்திரியில் விரிந்து காலையில் வாடிவிடும். சில ரகங்களில் தன் மகரந்தம் தனக்கு சேராது. வேறு ரக செடி ஒன்று பக்கத்தில் வேண்டும், அல்லது ராத்திரியில் டார்ச் லைட்டோடு போய் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். பூத்தும் காயாகவில்லையே என்று புலம்புகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

கொடி என்றால் தாட்பூட் பழம். பேஷன் புரூட் என்று ஜூஸ் கடையில் விற்பது இதுதான். சமவெளிக்கு மஞ்சள் ரகம், மலைக்கு ஊதா ரகம். மஞ்சள் ரகத்துக்கு ஒற்றை கொடி போதாது. வேறு வேறு விதையில் முளைத்த ரெண்டு கொடி இருந்தால்தான் காய் பிடிக்கும்.

துரியனை மட்டும் வீட்டு மனையில் வைக்கவே கூடாது. மரம் 80 அடியை தாண்டி வளரும். முள் நிறைந்த கனமான பழம் பழுத்ததும் தானாக விழும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துரியன் சாப்பிட்டால் குழந்தை பாக்கியம் கிடைக்கும் என்று நம்பி அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருத்துவ ரீதியான ஆதாரம் எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கிலோ 2½ லட்சம் மாம்பழத்தின் கதை

ஜப்பான் மியாசாகி மாங்கன்று என்று சொல்லி ஊர் ஊராக விற்கிறார்கள். ஒரு கிலோ ரெண்டரை லட்சம் ரூபாய், ஒரு மரம் வைத்தால் கோடீசுவரன் என்று பேச்சு. 2021-ம் ஆண்டு மத்திய பிரதேச மாநிலம் ஜபல்பூரில் ஒரு தம்பதி தங்கள் மாமரத்துக்கு காவலாளிகளையும், நாய்களையும் காவல் வைத்த செய்தி நாடு முழுக்க பரவியதில் இருந்து இந்த ஆசை கிளம்பியது.

உண்மை என்னவென்றால், மியாசாகி என்பது ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பெயர். அங்கே கண்ணாடி கூடாரம் போன்ற குடில்களில் வளர்ப்பது இர்வின் என்ற ரகம். அது 1940-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் உருவானது. ஒவ்வொரு காய்க்கும் வலை கட்டி, தானாக பழுத்து வலையில் விழும் வரை காத்திருப்பார்கள். எடை 350 கிராமுக்கு குறையக்கூடாது, இனிப்பு 15 சதவீதத்துக்கு குறையக்கூடாது. அந்த சோதனையில் தேறியது மட்டும்தான் சூரியனின் முட்டை என்ற முத்திரையோடு விற்பனைக்கு போகும்.

2019-ல் அங்கு நடந்த ஏலத்தில் ரெண்டு பழம் 5 லட்சம் யென்னுக்கு போனது. நம்ம பணத்தில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் அது சீசனின் முதல் ஏலம். கவுரவத்துக்காக எடுப்பது. அதே பழம் மறுநாள் கடையில் அந்த விலைக்கு விற்காது. நம்ம வீட்டு கொல்லையில் காய்த்தால் அதுவும் ஒரு சிவப்பு மாம்பழம், அவ்வளவுதான். ஆசைக்கு ஒன்று வைக்கலாம், தப்பில்லை. லட்சத்தை எதிர்பார்த்து ஆயிரங்களை கொட்டினால் அது தப்பு.

கன்று வாங்கினால் பழத்தை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்கிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஈமு கோழியை வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதை நம்பி கொங்கு பகுதியில் ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம் 2012-ல் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கன்று வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒட்டு. மண்ணில் இருந்து அரை அடி முதல் ஒரு அடி உயரத்துக்குள் தண்டில் ஒரு முடிச்சு மாதிரி வளைவு தெரியும். அதற்கு கீழே ஒரு நிற பட்டை, மேலே ஒரு நிற பட்டை இருக்கலாம். வெறும் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பதை பார்த்து ஒட்டுக்கன்று என்று நம்பிவிடக் கூடாது. நாடாவுக்கு அடியில் ஒட்டுப்போட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரெண்டாவது, காயோடு நிற்கும் கன்றை பார்த்து மயங்கக் கூடாது. சின்ன தொட்டியில் காய் தொங்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேர் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தால் மண்ணில் வைத்த பிறகு வளராது. தொட்டியின் அடியில் வேர் கயிறு மாதிரி சுற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மூணாவது, ரகத்தின் பெயரை கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். ரம்புட்டான் என்று மட்டும் எழுதினால் போதாது. பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கினால், நாலு வருஷம் கழித்து யாரிடம் போய் கேட்பது? லாரியில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கி விற்பவர் மறுநாள் அந்த இடத்தில் இருக்க மாட்டார்.

அரசு தோட்டக்கலை பண்ணைகள், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களில் கன்று வாங்குவது பாதுகாப்பு. எங்கே என்ன கன்று இருக்கிறது என்பதை வட்டாரத்தில் உள்ள தோட்டக்கலை உதவி இயக்குனர் அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். தனியார் நர்சரியில் வாங்கினாலும், காய்க்கிற தாய் மரத்தை காட்டச் சொல்லி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நட்ட பிறகு நடக்கும் தப்பு

ஒட்டுக்கன்று வாங்கி நட்டும் காய்க்கவில்லை என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரே தப்புதான் நடந்திருக்கும். ஒட்டுக்கு கீழே இருந்து ஒரு துளிர் கிளம்பும். அது ரொம்ப வேகமாக வளரும். அட, செடி பிடித்துக்கொண்டது என்று சந்தோஷத்தில் விட்டுவிடுவார்கள். அது அடிக்கன்றின் துளிர். மேலே இருக்கும் நல்ல ரகத்தை பட்டினி போட்டு கொன்றுவிட்டு, தானே மரமாகிவிடும். ஒட்டுக்கு கீழே எது துளிர்த்தாலும் கையோடு கிள்ளி எறிய வேண்டும்.

அதே மாதிரி ஒட்டுப் பகுதியை மண்ணில் புதைத்துவிடக் கூடாது. தரைக்கு மேலே தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் நாடாவை, ஒட்டு நன்றாக கூடியதும் வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் தண்டு பெருக்கும்போது கழுத்தை இறுக்கும்.

குழி ரெண்டு அல்லது மூணு அடி நீளம், அகலம், ஆழத்தில் எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும், வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினால் போதும். வீட்டு சுவரில் இருந்தும், செப்டிக் டேங்கில் இருந்தும் 10 அடியாவது தள்ளி நட வேண்டும். மேலே கரண்ட் கம்பி போகிறதா, கிளை பக்கத்து வீட்டுக்குள் நீளுமா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொண்டால் பின்னாடி சண்டை வராது.

சாப்பிடும்போது கவனம்

அபூர்வ பழம் என்றாலே மருந்து என்று நினைப்பவர்கள் அதிகம். இது ஆபத்து. ஸ்டார் புரூட் என்று சொல்லும் நட்சத்திர பழத்தை சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. அதில் உள்ள ஒரு நச்சை பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிலிம்பிக்காய் சாற்றை கொழுப்பு குறையும் என்று டம்ளர் டம்ளராக குடித்து சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளாவில் இருக்கிறார்கள்.

முள் சீத்தா புற்றுநோயை குணப்படுத்தும் என்று செல்போனில் சுற்றும் தகவலை நம்பி ஆஸ்பத்திரி சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மனிதர்களிடம் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பழத்தை பழமாக சாப்பிடலாம், விதையை அரைத்து குடிக்கக் கூடாது. அது நச்சு.

ரம்புட்டானை சின்ன குழந்தைகளுக்கு முழுசாக கொடுக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டு போய் தொண்டையில் அடைத்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் கேரளாவில் நடந்துள்ளன. கொட்டையை எடுத்துவிட்டு சதையை பிய்த்து ஊட்ட வேண்டும். வவ்வால் கடித்த பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது. 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சலில் ஒரு சிறுவன் இறந்தபோது ரம்புட்டான் மீது சந்தேகம் கிளம்பியது. பழத்தால்தான் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் காய் பழுக்கும் நேரத்தில் மரத்துக்கு வலை போட்டு மூடுவது, கடிபட்டதை ஒதுக்கிவிடுவது நல்லது.

எப்போது நடலாம்?

தென்காசி, குமரி பக்கம் ஜூன் மாத சாரல் தொடங்கியதும் நடலாம். மற்ற ஊர்களில் ஐப்பசி மழைக்கு முன்பு குழி எடுத்து வைத்து, மழை விழுந்ததும் நட்டால் முதல் ரெண்டு மாசம் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

ஏற்கனவே கொட்டை போட்டு வளர்த்த ரம்புட்டான் மரம் வீட்டில் பூத்தும் காய்க்காமல் நிற்கிறதா? அதை உடனே வெட்டிப் போட வேண்டாம். அடிமரம் நல்ல வேரோடு இருக்கிறது. கிளையை வெட்டிவிட்டு, புதிதாக வரும் துளிரில் காய்க்கும் மரத்தின் மொட்டை வைத்து ஒட்டுக்கட்ட முடியும். ஒட்டுக்கட்ட தெரிந்த ஆள் நர்சரிகளிலும், தோட்டக்கலை பண்ணைகளிலும் இருக்கிறார்கள். ஆறேழு வருஷம் ஊற்றிய தண்ணீர் அப்படி ஒன்றும் வீணாகிவிடவில்லை.